‘காரணம் தெரியவில்லை’ என்பதன் விலை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்குத் தரப்படும் அறிக்கையில் ‘நோய் நிர்ணயம்’ என்றொரு கட்டம் உண்டு. இவ்வாண்டு அத்தகைய அறிக்கைகள் இரண்டு எனக்குக் கிடைத்தன. முதலாவதில் அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது: இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் அறுவை சிகிச்சை, இன்னபிற. நான்கு வாரங்கள் கழித்துக் கிடைத்த இரண்டாவதில் மூன்றே சொற்கள். தமிழில் சொன்னால், ‘காரணம் கண்டறியப்படாத காய்ச்சல்’. முதல் அறிக்கைக்கு என் காப்பீட்டு நிறுவனம் ஏறத்தாழ முழுத் தொகையையும் மறுபேச்சின்றிக் கொடுத்தது. இரண்டாவதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

தனி ஒருவனின் பில் விவகாரத்துக்கு நாளேட்டில் இடம் கேட்பது முறையா என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஓய்வூதியம் பெறுபவன் என்பதால் சேமிப்பிலிருந்து ஒரு லட்சத்து 62 ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு வெளியே வர முடிந்தது. ஆயினும், அந்த மூன்று சொற்களை எழுதிய மருத்துவரிடம் நான் நடந்துகொண்ட விதமும், அதற்கு அவர் தந்த பதிலும், நம் மருத்துவக் காப்பீட்டு முறையின் அடித்தளத்தில் உள்ள ஒரு கோளாற்றைக் காட்டுவதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

அறுவை முடிந்து எட்டாம் நாள் வீடு திரும்பினேன். இரண்டு வாரங்கள் குறையேதுமில்லை. மார்பெலும்பு கூடிவரும் வலி இருந்தது. தெருமுனைவரை நடந்து திரும்பினேன். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் குளிர் எடுத்தது. காய்ச்சல் 102 டிகிரி. இரவு பத்து மணிக்கு வியர்த்து இறங்கிவிட்டது. மறுநாள் அதே நான்கு மணி, அதே குளிர். மூட்டுகளில் வலி, எழுந்து நின்றால் தலைச்சுற்றல், உணவைக் கண்டால் வெறுப்பு. மூன்றாம் நாள் மாலை குளியலறை வாசலில் விழப் பார்த்தேன். என் மனைவி ஆட்டோவை அழைத்துவிட்டார்.

பெரிய அறுவைக்குப் பிந்தைய காய்ச்சல் மருத்துவர்களை அச்சுறுத்தும் ஒன்று என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். மார்பெலும்பின் அடியில் சீழ் பிடித்திருக்கலாம். இதய வால்வில் கிருமி குடியேறியிருக்கலாம். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இதயத்தைச் சூழ்ந்த உறை அழற்சி அடைந்திருக்கலாம். இவற்றோடு நம் ஊருக்கே உரிய பட்டியல் ஒன்றும் உண்டு: டெங்கு, மலேரியா, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல், காசநோய். ஒவ்வொன்றையும் தேடினார்கள். எக்கோ இரண்டு முறை, சிடி ஸ்கேன் ஒரு முறை, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை மூன்று முறை. ‘கிருமி வளரவில்லை’ என்று ஓரளவு உறுதியாகச் சொல்வதற்கே ஐந்து நாள்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை ஊகத்தின் பேரில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றினார்கள். எல்லா முடிவுகளும் ‘இயல்பு’ என்றே வந்தன. ‘எல்லாம் நார்மல்’ என்ற சொல்லைக் கேட்டு நான் அவ்வளவு கலங்கியதில்லை. நான்கு மணிக்குக் குளிர் மட்டும் தவறாமல் வந்தது.

ஐந்தாம் நாள் மருத்துவர் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார். நாற்பது வயதுகூட இராத பொது மருத்துவ நிபுணர் அவர். ஆறாம் நாள், அறுவைக்குப் பின் புதிதாகச் சேர்க்கப்பட்ட மாத்திரைகளுள் உயிருக்கு அவசியமில்லாத இரண்டையும் நிறுத்தினார். மருந்தே காய்ச்சலை உண்டாக்குவதும் உண்டாம். எட்டாம் நாள் நான்கு மணி வந்தது, காய்ச்சல் வரவில்லை. ஒன்பதாம் நாளும் வரவில்லை. மாத்திரையை நிறுத்தியதால் நின்றதா, தானாக நின்றதா? “அதே மாத்திரையை மறுபடி கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், சார். உங்களுடைய இதயம் இருக்கும் நிலையில் அந்தச் சோதனையை நான் செய்ய மாட்டேன்” என்றார். ஆகவே தெரியவில்லை. அதையே எழுதினார்.

காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பு இரண்டு மணி நேரத்தில் வந்தது. வீடு திரும்பும் வேளையில் மூன்று மணி நேரத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024-இல் விதித்திருக்கிறது. அந்த விதி என் விஷயத்தில் பழுதின்றிக் கடைப்பிடிக்கப்பட்டது! காரணமும் சொல்லப்பட்டிருந்தது: இது பரிசோதனைக்காக நடந்த அனுமதி, ஐந்தாம் நாளுக்குப் பின் தீவிர சிகிச்சை எதுவும் தரப்படவில்லை, இறுதி நோய் நிர்ணயம் இல்லை.

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்த இளைஞர் அனுதாபத்தோடு ஒரு வழி சொன்னார். “டாக்டர் ‘நிமோனியா’ன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும் சார். ஆன்டிபயாடிக் கொடுத்திருக்காங்க, சிடி எடுத்திருக்காங்க. பாஸ் ஆயிடும்.” நான் மருத்துவரின் அறைக்குச் சென்றேன். முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குப் புள்ளியியலும் பொருளாதாரமும் நடத்திய நான், ஒரு பொய்த் தரவை உருவாக்கித் தரும்படி அவரிடம் கேட்டேன். கேட்கும்போது அது பொய்யாகவே எனக்குப் படவில்லை. ஒரு படிவத்தின் குறையை நிரப்புவதாகவே பட்டது.

அவர் கோபப்படவில்லை. “நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் திரும்பி வந்தால் வேறு ஒரு டாக்டர் இந்தப் பேப்பரைத்தான் படிப்பார். நிமோனியா என்று படித்தால் அதற்கான மருந்தைக் கொடுத்துவிட்டு, வேறு எதையும் தேட மாட்டார். தெரியவில்லை என்று எழுதியிருந்தால்தான் தேடுவார்” என்றார். கீழே இறங்கிப் போய்ப் பணத்தைக் கட்டினேன்.

அவர் மறுத்தது ஒரு சிறு காரியம். ஆனால், எத்தனை மருத்துவர்களால் அவ்வாறு மறுக்க முடியும்? நோயாளி கெஞ்சுகிறார், மருத்துவமனை நிர்வாகம் பில் தேங்கக்கூடாது என்கிறது, ஒரு சொல்லை எழுதினால் எல்லோருடைய சிக்கலும் தீர்கிறது. பெயருள்ள நோய்க்குப் பணமும், பெயரில்லா நோய்க்குக் கைவிரிப்பும் என்று ஒரு முறை இயங்குமானால், அந்த முறை பெயர்களை உற்பத்தி செய்யத் தொடங்கும். ஊக்கத்தொகை எங்கே இருக்கிறதோ அங்கே நடத்தை வளையும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் எவற்றையெல்லாம் விலக்கலாம் என்று 2019-இல் ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகங்களை வகுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எழுதி வந்ததால், அது வரவேற்கத்தக்க சீர்திருத்தமே. அந்தப் பட்டியலில் நான்காவது, முதன்மையாகப் பரிசோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே நடந்த அனுமதிக்கான செலவு ஏற்கப்படாது என்பது. இதற்கு வலுவான காரணம் உண்டு. நம் நாட்டுக் காப்பீடுகளில் பெரும்பாலானவை படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தருபவை. புறநோயாளியாகச் செய்துகொள்ளும் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. எனவே வெளியே செய்துகொள்ளக்கூடிய பரிசோதனைகளுக்காக ஒரு நாள் படுக்கையில் சேர்ந்துகொள்வோர் உண்டு. சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனைகளும் உண்டு. அந்தச் செலவு முடிவில் எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறுகிறது. அதைத் தடுக்க எழுந்த வேலி இது. முழு உடல் பரிசோதனைக்கு வந்தவரையும், 102 டிகிரி காய்ச்சலில் குளியலறை வாசலில் சரிந்தவரையும் வேலி ஒன்றாகத்தான் பார்க்கிறது.

மருத்துவப் பொருளாதாரம் என்ற துறைக்கு வித்திட்ட கட்டுரையாகக் கருதப்படுவது கென்னத் ஆரோ 1963-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் எழுதியது. பின்னாளில், 1972-இல், நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்தக் கட்டுரையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மருத்துவத்தில் ஆபத்து இரு வகைப்படும் என்கிறார் ஆரோ. நோய் வருமா வராதா என்பது ஒன்று. வந்த நோயிலிருந்து முழுமையாக மீள்வோமா, அரைகுறையாக மீள்வோமா, தாமதமாக மீள்வோமா என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சந்தையில் காப்பீடு கிடைக்கிறது. இரண்டாவதற்குக் கிடைப்பது அரிது. கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டு விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த இரண்டாவது கோட்டின் மேல் ஒன்பது நாள்கள் படுத்துக்கிடந்த பிறகுதான் அதன் நீளம் எனக்குப் புரிந்தது.

மீண்டு வரும் காலம் ஆபத்தான காலம் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் தரவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுள் 19.6 சதவீதத்தினர் 30 நாள்களுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டதாகக் கண்டது. ஐவரில் ஒருவர்! ஹார்லன் க்ரும்ஹோல்ஸ் என்ற இதயநோய் வல்லுநர் 2013-இல் இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். அப்படித் திரும்பி வருகிறவர்களுள் பலர் முதலில் சேர்ந்த நோய்க்காக வருவதில்லை; வேறு ஏதேனும் ஒன்றுக்காக வருகிறார்கள். தூக்கமின்மை, போதிய உணவின்மை, படுத்தே கிடந்ததால் தசை தளர்தல், புதிய மருந்துகள், ஓயாத மன அழுத்தம் ஆகியவை சேர்ந்து உடலைச் சிறிது காலத்துக்கு எதற்கும் இடம் கொடுக்கும் நிலையில் வைத்துவிடுகின்றன என்று அவர் வாதிட்டார். அந்த நிலைக்கு ‘மருத்துவமனைக்குப் பிந்தைய நோய்க்குறி’ என்றும் பெயரிட்டார்.

நம் திட்டங்களின் நாட்காட்டியோ வேறு. ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2018-இல் தொடங்கியது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, விரிவுபடுத்தப்பட்டது. பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அதில் சிகிச்சைக்குப் பிந்தைய மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்குத் தரப்படும் காலம் 15 நாள்கள். மார்பெலும்பு கூடுவதற்கே ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். என் காய்ச்சல் வந்தது மூன்றாம் வாரத்தில்.

திட்டங்கள் தொகுப்புகளாகக் கட்டமைக்கப்பட்டவை. இன்ன அறுவைக்கு இவ்வளவு, இன்ன நோய்க்கு நாளொன்றுக்கு இவ்வளவு. செலவைக் கட்டுப்படுத்த இதைவிட எளிய வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டென்ட் வைப்பதற்கும் கண்புரை நீக்குவதற்கும் விலை நிர்ணயிக்கலாம். அவை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது தெரியும். தேடலுக்கு எப்படி விலை வைப்பது? இரண்டாம் நாளில் விடை கிடைக்கலாம். பன்னிரண்டாம் நாளிலும் கிடைக்காமல் போகலாம். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயைக் கண்டறிவதையும் அதன் காரணத்தைக் கண்டறிவதையும் சிகிச்சைக்கு முன்னால் வைக்கிறது. நம் ஒப்பந்தங்கள் முதல் இரண்டு படிகளையும் இலவசமாக ஏறிவரச் சொல்கின்றன.

விடை கிடைக்காத தேடலை மருத்துவ உலகம் இழிவாகக் கருதுவதில்லை என்பதைக் காப்பீட்டு உலகம் கவனிக்க வேண்டும். காரணம் விளங்காத காய்ச்சலுக்கு 1961-லேயே இலக்கணம் வகுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க மருத்துவர்கள் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் இருவரும் அத்தகைய நூறு நோயாளிகளை ஆராய்ந்து எழுதியது இன்றும் பேசப்படுகிறது. மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்து ஆராய்ந்தும் காரணம் தெரியாமல் இருப்பது அவர்கள் வகுத்த இலக்கணத்திலேயே ஒரு நிபந்தனை. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் 18-ஆவது அத்தியாயம் முழுவதும் வேறெங்கும் வகைப்படுத்த இயலாத அறிகுறிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் அந்தக் குறியீடுகளுள் ஆர் 50.9 என்பது வகை குறிப்பிடப்படாத காய்ச்சலுக்கு உரியது. ‘தெரியவில்லை’ என்று சொல்ல உலகளவில் அங்கீகரிக்கப்பட்ட எண் இருக்கிறது. பில்லை ஏற்கும் மேசையில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

பெயர் சூட்டும் அவசரத்தால் விளையும் தீங்கு ஒரு நோயாளியோடு நிற்பதில்லை. நிமோனியா என்று எழுதினால் அதற்கேற்ற ஆன்டிபயாடிக் பில்லில் இருக்க வேண்டும். தேவையின்றி ஏற்றப்படும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர இடம் தருகிறது. என்னுடைய மருத்துவர் ஐந்தாம் நாள் அந்த மருந்தை நிறுத்தியது சரியான மருத்துவம். நிறுவனத்தின் கடிதத்தில் அதுவே என் கோரிக்கைக்கு எதிரான சான்றாயிற்று. மறுபுறம், காப்பீட்டுக் கோரிக்கைகள் வழியே சேரும் தரவுகளும் கெடுகின்றன. எந்த நோய் பெருகுகிறது, எதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதை அரசும் நிறுவனங்களும் அவற்றைக் கொண்டும் கணிக்கின்றன. பணம் கிடைப்பதற்காக எழுதப்பட்ட பெயர்கள் அதில் எத்தனை என்று யாரால் பிரிக்க முடியும்? நான் கேட்டபடி நடந்திருந்தால் இவ்வாண்டின் நிமோனியா கணக்கில் நானும் ஓர் எண்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. 65 வயதைக் கடந்தவர்களும் புதிதாகக் காப்பீடு எடுக்கலாம் என்ற மாற்றம் 2024 ஏப்ரலில் வந்தது. இரண்டும் முதியோருக்கு நல்லவை. காப்பீட்டை வாங்குவது எளிதாகியிருக்கும் இந்த வேளையில், வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்ற விவாதம் தொடங்க வேண்டும்.

என் பார்வையில் முதலில் மாற வேண்டியது தீர்ப்பளிக்கும் நேரம். ஓர் அனுமதி நியாயமானதா என்பதை, வாசலில் நோயாளி வந்து நின்றபோது மருத்துவருக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். ஒன்பது நாள்கள் கழித்துத் தெரிந்தவற்றைக் கொண்டு தீர்மானிப்பது, மழை பெய்யாத நாளில் குடை எடுத்துச் சென்றவனை முட்டாள் என்பதற்கு ஒப்பாகும். என் நெஞ்சுக்குள் சீழ் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வெப்பமானி காட்டிய 102 டிகிரியும், அறுவை முடிந்து மூன்றாம் வாரம் என்பதும் முதல் நாளே தெரிந்தவை. அளந்து பதிவு செய்யப்பட்ட அறிகுறியும், சேர்த்ததற்கான மருத்துவரின் எழுத்துபூர்வமான காரணமும் இருக்குமானால், இறுதியில் பெயர் கிடைக்கவில்லை என்பதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று நான்காவது விலக்கில் ஒரு விளக்கவுரையை ஆணையம் சேர்த்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

பெரிய அறுவைக்குப் பின் மூன்று மாதங்களுக்காவது புறநோயாளிப் பரிசோதனைகளைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தால், வீணாகப் படுக்கையில் சேர்வதும் குறையும். செலவு கூடுமே என்பார்கள். சற்றுக் கூடத்தான் செய்யும். எவ்வளவு என்பதைக் கணக்கிடத் தேவையான தரவு நிறுவனங்களிடம் இருக்கிறது, வெளியிட்டால் விவாதிக்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீடு தேடித் தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் உண்டு. அறுவை முடிந்து வந்தவரின் வீட்டுக்கு இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் அவர்களுள் ஒருவர் வெப்பமானியோடு சென்று, மாத்திரைப் பட்டியலையும் ஒரு முறை சரிபார்த்தால், கூடுதல் செலவு பெரிதாக இராது. என் வீட்டில் வெப்பமானி இருந்தது, படித்த மனைவி இருந்தார். அப்படியும் மூன்று மாலைகள் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று கடந்தன.

மறுப்பை எதிர்த்து நிறுவனத்துக்கு எழுதினேன். கோரிக்கைகளை மறுக்கும் முன் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது 2024-இன் விதி. அக்குழு பார்த்ததா என்றும் கேட்டேன். பதிலாக, இறுதி நோய் நிர்ணயம் குறித்துச் சிகிச்சையளித்த மருத்துவரின் விளக்கம் வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரிடம் மறுபடி போனேன். இம்முறை எந்த வேண்டுகோளும் வைக்கவில்லை. அவர் கடிதத்தை ஒரு முறை படித்தார். தன் தாளில், சேர்ந்த நாளின் காய்ச்சல் அளவு, தேடிய நோய்கள், ஒவ்வொன்றும் ஏன் விலக்கப்பட்டது என்பவற்றை அரைப் பக்கத்துக்கு எழுதி, முடிவில் அதே மூன்று சொற்களை எழுதிக் கையெழுத்திட்டார்.

நிறுவனம் தன் முடிவை மாற்றவில்லை. அடுத்தது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்; வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. மருத்துவரின் அந்த அரைப் பக்கத்தை இணைத்து, சென்ற வாரம் மனுவை அனுப்பியிருக்கிறேன்.